ஐந்தில் இரண்டு

பகாவ் கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசைமேல்
பலகை போட்டு வெள்ளைத்துணி விரித்தார்கள்.
பந்துகளை பிஸ்கட் டின்னில் அள்ளி வைத்தவன் நான்.
மாவட்ட ஆபீஸ் கிராணி, தம்பாப்பிள்ளை,
கூட்டக் குறிப்பும் எழுதவேண்டும்
தேவைப்பட்டால் தமிழும் பேசவேண்டும்.

பொருள்: பட்டாளச் செலவு.

லண்டனிலிருந்து வந்தவர் சொன்னார்:
பாதி உங்களுடையது.
கோலாலம்பூர்க்காரர் சொன்னார்:
மூன்றில் ஒன்று, அதற்குமேல் ஒரு சென்ட் இல்லை.
உங்கள் காட்டைத்தானே காக்கிறோம் என்றார் அவர்.
எங்கள் கித்தா விற்ற டாலர்
யார் பெட்டியில் கிடக்கிறது என்றார் இவர்.
கொரியாவில் சண்டை. ராத்தல் இரண்டு வெள்ளி.
இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்து டை கட்டியிருந்தார்கள்,
குரல் ஏறவே இல்லை.
மீன்கடைப் பேரத்தில்
மீனாவது கண்ணில் படும்.

தேநீர் வருவதற்குள்
ஐந்தில் இரண்டு என்று நின்றது.

அப்புறம்தான் கூட்டமே.
அந்த இரண்டை யார் தலையில் எவ்வளவு?
தவுக்கே சியா பூன் ஹெங் எழுந்து
பட்டாளத்தார் தன் கடையில் குடித்த பீர்க் கடனை
முதலில் கழிக்கச் சொன்னார்.
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
சீட்டுகளை ஒரு கம்பியில் குத்திக் கொண்டுவந்திருந்தார்.

மெக்கின்ட்ரி துரை
ஏழு மைல் முள்கம்பிக்கு ரசீது காட்டினார்.
பதினெட்டு வரிப் பட்டியல் ஒன்றை மேசைமேல் வைத்தார்.
மரம் சீவுகிறவர்கள் கூலியில்
ராத்தலுக்கு ஒரு சென்ட் பிடிக்கலாம் என்றார்,
காக்கப்படுவது அவர்கள் உயிரும்தானே.

சங்கத்துக்கு என்று போட்ட நாற்காலி காலி.
சங்கத்து ஆள் தைப்பிங் தடுப்பு முகாமில் இருந்தார்,
பட்டாளத்தின் செலவில்.

முறைக்கு ஒருவர் வேண்டுமே என்று
வராந்தாவில் நின்ற சடைச்சியை அழைத்தார்கள்.
மூன்றாம் நம்பர் மலை.
முழங்கைவரை பால் காய்ந்து ஒட்டியிருந்தது.
மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு என்னை.

"பட்டாளம் வந்ததுலேருந்து
ஆறு மணிக்குத்தான் கேட்டுத் தொறக்குறான்.
முன்னெல்லாம் நாலரைக்கே வெளக்கோட மரத்துல நிப்போம்.
வெயிலு ஏறுனா பாலு நின்னுரும், கிராணி.
பன்னெண்டு ராத்தல் எடுத்தவ ஒம்போது எடுக்குறேன்.
அந்த மூணு ராத்தலு கூலி
ஏற்கெனவே போய்க்கிட்டுத்தான இருக்கு?
இதுல இன்னொரு சென்ட்டா?"

நான் துரையின் பட்டியலைப் புரட்டினேன்.
நான்காம் வரி:
'ஊரடங்கால் விளைச்சல் நட்டம், கம்பெனிக்கு.'
அவளுடைய மூன்று ராத்தல்
அங்கே முன்பே இருந்தது.
கூட்டிப் பெருக்கி, சிவப்பு மையில் கோடிட்டு,
இன்னொருவர் பெயரில்.

எல்லாரும் காத்திருந்தார்கள்.
ஒரு வாக்கியம் போதும் என்று
கோலாலம்பூர்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆங்கிலத்தில் சொன்னேன்:
நான்காம் வரியை இவள் உறுதி செய்கிறாள்.

துரை எனக்குத் தலையசைத்தார், முதல்முறையாக.
"என்னா சொன்னாங்க?" என்றாள் சடைச்சி.
எழுதிக்கிட்டாங்க என்றேன்.
அது பொய் இல்லை.

ஒரு சென்ட் அரை சென்ட்டாகக் குறைந்தது.
அதை அவர்கள் விட்டுக்கொடுத்தல் என்று
குறிப்பில் போடச் சொன்னார்கள். போட்டேன்.
கார்கள் போனபின் பலகையை எடுத்து
பந்துகளை மறுபடி மேசையில் அடுக்கினேன்.
துணியில் ஒரு இடத்தில் ஒட்டுப்பால் மணத்தது,
அவள் கை வைத்திருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்குக் கூடுதல் நேரம் நாலு மணி,
மூன்று வெள்ளி இருபது சென்ட்.
கருவூலத்தில் எந்தத் தலைப்பில் எழுதினான் என்று
எட்டிப் பார்த்தேன்:
பட்டாளம், சில்லறைச் செலவு.

அந்தப் பணத்துக்கு
மேலே கொஞ்சம் போட்டு
ரப்பர் மழைக்கோட்டு ஒன்று வாங்கினேன்.
நல்ல சரக்கு.
இன்னும் ஒழுகவில்லை.